கறுப்பு வெள்ளையில் ஒரு ஹக்கீம்: திருகோணமலைக் குறிப்புகள்

வெள்ளி: மட்டக்களப்பிலிருந்து மூதூர் வழியாக

திருகோணமலைக்குப் போகிறேன் என்றால் கேட்பவர்கள் காரணத்தைத் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். கோணேசர், இல்லாவிட்டால் கடல். ஆனி மாதம் என்றால் புறாத்தீவையும் சேர்த்துக்கொள்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஐயாவிடம் "ஹக்கீம் ஒலாஜுவானைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கூட்டாளியைப் பார்க்க என்றேன். அதுவும் பொய்யில்லை.

கூட்டாளி இருப்பது உவர்மலையில். ஒரு காலத்தில் மட்டக்களப்பில் இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடினோம். போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே பல்லவிதான்: "மச்சான், இங்க ஹக்கீம்ட ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கிறாங்க. வயசு போகுது. ஒருக்கா வந்து கேட்டு எழுது." சரி என்று கிளம்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஹக்கீம் ஒலாஜுவான் 1963இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். சின்ன வயதில் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர், ஹேண்ட்போலும் ஆடினார். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்ம வயதின் நடுவில்தான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் 1984 புதுவீரர் தெரிவில் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி அவரை முதலாவதாக எடுத்தது. அதே தெரிவில் மூன்றாவதாகப் போனவர் மைக்கல் ஜோர்டன். அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆனால் இரண்டாவதாக வேறொருவரை எடுத்த போர்ட்லண்டைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. ஹூஸ்டனைப் பார்த்து யாரும் சிரித்ததாக நான் கேட்டதில்லை.

பஸ் ஏறாவூரைத் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் ஏறும்போது எனக்கு எப்போதும் ஃபாதர் ஹெபர்ட் ஞாபகம் வரும். யூஜின் ஹெபர்ட் அடிகளார், அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைக் குரு. கிழக்கில் கூடைப்பந்து வேர் பிடித்ததில் அந்தச் சபையாருக்குப் பெரிய பங்குண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் அவர் பழக்கிய பிள்ளைகள் கொழும்புக்குப் போய் வென்று வந்த கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு இளைஞனோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை தகவல் இல்லை. அந்த வீதியில் இப்போது பஸ் நல்ல வேகமாகப் போகிறது.

வாகரை, கதிரவெளி, வெருகல். பனங்கூடலும் களப்பும் மாறி மாறி வரும். முன்பு இந்தப் பாதையில் ஆற்றுக்கு ஆறு மிதவைப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு அங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. பாலத்தில் ஏறும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. அடுப்படிக்குள் தலையை விட்ட மாதிரியான சூடு.

சனி: உவர்மலை

காலையில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் காற்றில் திறந்தவெளி கோட்டில் பந்தை எறிந்தால் அது கூடைக்குப் போகாது, கொட்டியாரக் குடாவுக்குப் போகும் என்றான் கூட்டாளி. இடியப்பம், சொதி, ஒரு தூக்கம்.

பின்னேரம் விறாந்தையில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், எல்லாரும் 'சேர்' என்கிறார்கள். வங்கியில் வேலை செய்த ஒரு அண்ணை. வலை தைக்கும் தொழில் செய்யும் இன்னொருவர். கூட்டாளியின் மனைவி பிளேன்டீயும் கச்சான் அலுவாவும் வைத்துவிட்டு, "இனி ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவாங்க" என்று சொல்லிப் போனார்.

அந்தக் கணிப்பு பிழைத்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

நான் கேட்டது சாதாரணக் கேள்வி: ஹக்கீமைப் பார்ப்பதில் அப்படி என்ன இருந்தது? சேர் சொல்லத் தொடங்கினார். "கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பந்து வரும். இடது தோள் இப்படி..." அதோடு வாயால் சொல்வதை விட்டுவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டினார், விறாந்தைத் தூணைத் தடுப்பாளராக்கி அதற்கு முதுகைக் கொடுத்தார், அலுவாத் தட்டைப் பந்தாகப் பிடித்தார். தோள் வலப்பக்கம் சாய்ந்தது, இடது கால் தரையில் ஊன்றியபடி இருக்க உடம்பு மற்றப் பக்கம் திரும்பியது, கை எழும்பியது, இறங்கியது, தூணுக்குக் கீழாகப் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டார். எழுபது வயது கடந்த மனிதர். அலுவா ஒரு துண்டும் விழவில்லை.

வங்கி அண்ணைக்கு அது போதவில்லை. "அது ரொபின்சனுக்குச் செய்தது. யூவிங்குக்குச் செய்தது வேற" என்று அவரும் எழும்பினார். இரண்டு பேரும் ஹக்கீமுக்கு எதிராக ஆடிய சென்டர்கள், கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான ஆட்டக்காரர்கள். வலைக்காரரும் எழும்பினார். அன்றிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறேன்: அந்த மனிதரை நினைவுபடுத்துகிற ஒருவரும் உட்கார்ந்தபடி கதையை முடிப்பதில்லை. ஜோர்டனைப் பற்றிக் கதிரையில் சாய்ந்துகொண்டு கதைக்கலாம், பறந்தான், போட்டான் என்று. ஹக்கீமின் ஆட்டம் காலில் இருந்தது. காலால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அந்த அசைவுக்கு 'ட்ரீம் ஷேக்' என்று பெயர். சேர் வேறு மாதிரி விளக்கினார்: "கிளித்தட்டு ஆடியிருக்கிறியா தம்பி? கோட்டில நிற்கிறவனை ஒரு பக்கம் இழுத்துப்போட்டு மற்றப் பக்கத்தால போறதுதானே. இந்த ஆள் அதை ஏழடி உடம்போட, கையில பந்தோட, ஒரு காலை அசைக்காமல் செய்தான்." உதைபந்திலும் ஹேண்ட்போலிலும் பழகிய கால்கள் என்பதை ஹக்கீமே பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற சென்டர்கள் உயரத்தால் கூடைக்குக் கீழே போனார்கள். இவர் உயரத்தோடு காலையும் கொண்டு போனார்.

விதியும் அவருக்கு உதவியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்து என்.பி.ஏ.யில் வலயத் தடுப்பு, அதாவது ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பது, கூடாது. ஒருவன் தன் ஆளைப் பிடிக்க வேண்டும், அல்லது துணிந்து இரண்டு பேராகப் பாய வேண்டும். ஹூஸ்டன் என்ன செய்தது என்றால் ஹக்கீமை நடுவில் வைத்து, தூரத்திலிருந்து எறியக்கூடிய நான்கு பேரைச் சுற்றி நிறுத்தியது. ஒருவன் பிடித்தால் ஹக்கீம் அவனைச் சாப்பிட்டுவிடுவார். இரண்டு பேர் வந்தால் பந்து வெளியே போகும்: கென்னி ஸ்மித், சாம் கசெல், ரொபர்ட் ஹோரி, யாரோ ஒருவன் தனியே நிற்பான். இன்றைக்கு எல்லா அணியும் செய்கிற காரியத்தின் பாதி அங்கே இருக்கிறது.

அப்புறம் கசெட் கதைக்கு வந்தார்கள். நான் உண்மையில் வந்தது இதற்குத்தான்.

வலைக்காரரின் தம்பி கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். 1994 இறுதியாட்டங்களையும் அடுத்த ஆண்டு ஆட்டங்களையும் டீவியிலிருந்து பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் போட்டு அனுப்பினான். கொழும்பில் இறங்கிய கசெட் திருகோணமலைக்கு வர மாதக்கணக்கு எடுத்தது. ஒரு முறை வழியில் சோதனையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது நாடா பாதியில், சரியாக நான்காம் கால்பகுதி தொடங்கும் இடத்தில் நின்றிருந்தது. "அவங்களும் பார்த்திருக்கிறாங்கள்" என்றார் வலைக்காரர். "மிச்சத்தைப் பார்க்க முதல் டியூட்டி முடிஞ்சிருக்கும், பாவம்."

வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்து போட்டால் படம் கறுப்பு வெள்ளை. கனடாவின் ஒளிபரப்பு முறை வேறு, இங்குள்ள முறை வேறு. இரண்டும் ஒத்துவராத டெக்கில் உருவம் வரும், நிறம் வராது. ஆக, திருகோணமலை பார்த்த ஹக்கீமுக்கு நிறமில்லை. ஹூஸ்டனின் சட்டை சிவப்பு என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்றார் சேர். "நான் நீலமெண்டு நினைச்சிருந்தன். ஏனெண்டு கேட்காதை."

1994 இறுதி, நியூயோர்க் நிக்ஸுக்கு எதிராக ஏழு ஆட்டங்கள். ஏழிலும் எந்த அணியும் 100 புள்ளி தொடவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் யாரோ ஒருவருக்கு விலா வலித்தது தெரியும். ஐந்தாவது ஆட்டத்தின்போது, கொலைச் சந்தேகநபரான அமெரிக்க விளையாட்டுப் பிரபலம் ஓ.ஜே. சிம்ப்சனைப் பொலிஸ் துரத்திய காட்சியைத் தொலைக்காட்சி ஒரு பக்கத்தில் போட்டு ஆட்டத்தை மறுபக்கம் ஒதுக்கியது. இங்கே கசெட் பார்த்தவர்களுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. ஒரு வெள்ளைக் கார் மெதுவாகப் போகிறது, பின்னால் பொலிஸ். "விளம்பரமெண்டு நினைச்சம்" என்றார் அண்ணை.

ஆறாவது ஆட்டத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஹூஸ்டன் 86, நியூயோர்க் 84. கடைசி வினாடிகள். நியூயோர்க்கின் ஜோன் ஸ்டார்க்ஸ் அன்று அடித்ததெல்லாம் விழுந்துகொண்டிருந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எழும்புகிறார்; விழுந்தால் கிண்ணம் நியூயோர்க்குக்கு. கூடைக்குக் கீழே நிற்க வேண்டிய ஹக்கீம் அங்கே எப்படி வந்தார்? வந்துவிட்டார். விரல் நுனி பந்தில் பட்டது, பந்து வழியிலேயே செத்து விழுந்தது. ஏழாவது ஆட்டம் 90–84. அந்தப் பருவத்தில் சிறந்த வீரர், சிறந்த தடுப்பு வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் மூன்று விருதும் அவருக்கே. ஒரே பருவத்தில் மூன்றையும் எடுத்தவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

அண்ணை கணக்குப் பிள்ளை. வாழ்நாளில் 3,830 ப்ளொக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது), இன்னும் முறியாத சாதனை என்று எண்ணை ஒப்புவித்தார். சேர் விடவில்லை: ப்ளொக்கை எண்ணத் தொடங்கியதே 1973–74 பருவத்தில்தான், அதற்கு முன் ஆடிய பில் ரசலும் வில்ட் சேம்பர்லெயினும் தடுத்ததெல்லாம் கணக்கிலேயே இல்லை என்றார். இரண்டும் உண்மை. இருவரும் அதற்காக இரவுச் சாப்பாடு வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

1995 வேறு மாதிரி நினைவு. தை மாதம் 8ஆம் திகதி யுத்தநிறுத்தம் வந்தது. கசெட்டுகள் கொஞ்சம் வேகமாக வந்தன. சித்திரை 19இல் துறைமுகத்தில் கடற்படையின் இரண்டு படகுகள் வெடித்தன, யுத்தநிறுத்தமும் அதோடு போனது. என்.பி.ஏ. விலக்குச் சுற்று அந்த மாதக் கடைசியில் தொடங்கியது. ஹூஸ்டன் ஆறாவது இடத்தில் நுழைந்து ஒவ்வொருவராக விழுத்திக்கொண்டு போனதை இவர்கள் பார்த்தது நீண்ட நாள் கழித்து, ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து. சன் அன்டோனியோவின் டேவிட் ரொபின்சனுக்கு அந்த ஆண்டின் சிறந்த வீரர் கிண்ணத்தைக் கோட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அன்று ஹக்கீம் அடித்தது 41 புள்ளி. தொடர் முழுக்கச் சராசரி 35. "கத்த ஏலாது. சத்தம் வெளியில போனால் பிரச்சினை. தலையணையைக் கடிச்சுக்கொண்டு பார்த்தம்" என்றார் வலைக்காரர். சொல்லும்போது எழும்பி நின்றுதான் சொன்னார்.

ஞாயிறு: கோணேசர் மலை, பிறகு கிண்ணியா

காலையில் கோணேசரிடம் போனோம். கோட்டைக்குள் மான்கள் வழக்கம்போல் மனிதரைக் கணக்கெடுக்காமல் திரிகின்றன. யாரோ ஒருவர் மானுக்கு உறையோடு பிஸ்கட் நீட்டினார். பிளாஸ்டிக்கைத் தின்று மான் சாகிறது என்று எழுதிவைத்த பலகைக்குப் பக்கத்திலேயே. மேலே இராவணன் வெட்டில் காற்று ஆளைத் தள்ளியது. தரிசனம் முடித்து இறங்கினோம்.

கிண்ணியாவில் ஒரு நானா. தயிர் வியாபாரம், அறுபதுக்கு மேல் வயது. தொண்ணூறுகளில் சவூதியில் ஒரு கம்பனி முகாமில் வேலை. அங்கே கூட இருந்தவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர். பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிற இடத்தில் ஒரு கூடை கட்டாயம் இருக்கும். லொறி டயர் வளையத்தில் கம்பி கட்டி, முகாமின் சுவரில் தொங்கவிட்டிருந்தார்களாம். கிரிக்கெட் ஆட ஆள் போதாததால் நானா இந்தப் பக்கம் வந்தார்.

"நாங்க கலர்ல பாத்த" என்றார் முதல் வசனமே. திருகோணமலைக்காரரின் கறுப்பு வெள்ளைக் கதை அவருக்குத் தெரியும்; சந்தர்ப்பம் கிடைத்தால் குத்துவார். வளைகுடாவில் விற்ற டெக் எல்லா முறையும் ஓடும். சிவப்பு, மஞ்சள், எல்லாம் தெரிந்தது.

ஆனால் அவருக்கு ஞாபகம் நிற்பது நிறமோ இறுதியாட்டமோ அல்ல. 1995 பெப்ரவரி. அந்த மாதம் கிட்டத்தட்ட முழுக்க றமழான். "பகல்ல வெயில்ல வேல. நோம்பு. மேசன் வேல செய்யிற நாங்களே பின்னேரமாகினா சுருண்டு போவோம். அப்ப ஒரு பிலிப்பைன்காரன் வந்து சொல்றான், உங்கட ஆள் நோம்போட ஆடுறாரு எண்டு. நான் நம்பல்ல." பருவத்தின் நடுவில், ஆட்டம் உள்ள நாளிலும், ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் ஹக்கீம் நோன்பு பிடித்தார். பகல் ஆட்டமென்றால் அப்படியே இறங்குவார். அந்தப் பெப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராக என்.பி.ஏ. அறிவித்தது அவரைத்தான்.

நானா அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெப்ரவரியில் பார்த்த ஓர் ஆட்டத்துக்கு வந்தார். வந்தவர் எழும்பினார். தயிர்ச் சட்டிகளுக்கு நடுவில். மகன் ஓடி வந்து இரண்டு சட்டியை நகர்த்தி வைத்தான். அவனுக்கு இது பழக்கம் போல. நானா காட்டியது ட்ரீம் ஷேக் இல்லை. பந்து இல்லாத நேரம் ஹக்கீம் எப்படி நின்றார் என்பதை: முழங்கால் மடித்து, கைகள் விரித்து, பார்வை பந்தில், கால் எப்போதும் நகரத் தயாராக. "எல்லாரும் அவர் போட்டதப் பாப்பாங்க. நான் அவர் நிண்டதப் பாத்த. கோல் காக்கிறவன்ட நிலை." நான் இத்தனை வருடம் பார்த்தும் இதைக் கவனித்ததில்லை. அடுத்த நாள் போனில் பழைய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் நிற்கிறார்.

ஜோர்டனின் சப்பாத்து நூறு டொலரைத் தாண்டியிருந்த காலத்தில், ஸ்போல்டிங் நிறுவனத்தோடு சேர்ந்து ஹக்கீம் சுமார் 35 டொலருக்குச் சப்பாத்து விட்டார். ஏழை வீட்டுப் பிள்ளையும் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். நானா அந்தச் சப்பாத்தைச் சவூதியில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. தயிருக்குக் காசு வாங்க மறுத்தார். நாங்கள் வைத்துவிட்டு வந்தோம்.

திங்கள்: கோட்டில்

பின்னேரம் கச்சான் அடங்கிக் கடற்காற்று எழும்பியதும் ஒரு பாடசாலை கோட்டுக்குப் போனோம். பெடியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏழடிக்குப் பக்கமான ஆள் ஒருவரும் இல்லை. எல்லாரும் வெளியே நின்று மூன்று புள்ளிக்கு எறிகிறார்கள். ஒரு தம்பி காலை ஆறு மணிக்கு எழும்பிப் போனில் நேரடியாக இறுதியாட்டம் பார்ப்பவன். அவனுக்கு இந்தக் காலத்து என்.பி.ஏ. வீரர் நிக்கொலா யோகிச்தான் சென்டர். மோசமில்லை, யோகிச்சுக்கும் கால் இருக்கிறது என்று சேர் ஒத்துக்கொண்டார். அது அவர் வாயிலிருந்து வந்த பெரிய சான்றிதழ்.

தம்பி விடவில்லை. 1995 இறுதியில் ஒர்லாண்டோவை ஹூஸ்டன் 4–0 என்று வென்றது சரி, ஆனால் ஒர்லாண்டோவின் சென்டர் ஷகீல் ஓ'நீல் சராசரியாக 28 புள்ளி அடித்தாரே, அவரை எங்கே ஹக்கீம் அடக்கினார் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஹக்கீம் அடித்தது 32.8. அடக்கவில்லை, முந்தினார். முதல் ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போய், கடைசி வினாடியில் பந்தைத் தட்டிவிட்டு முடித்தது ஹக்கீம்தான்.

இந்த இடத்தில் வலைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர், இவ்வளவு நேரம் பக்கத்துக் கோட்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர், குறுக்கே வந்தார். "நீங்க எல்லாம் டீவியில கண்ட ஆளுக்குச் சண்டை பிடிக்கிறீங்க. நான் நேர்ல கண்டிருக்கிறன், தர்ஜினியை."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர் உயரம். வலைப்பந்தில் வளையம் கூடைப்பந்தின் அதே பத்தடி உயரத்தில்தான், ஆனால் பின்னால் போர்ட் கிடையாது. தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். பந்தை உயரமாக எறிந்தால் தர்ஜினி ஒரு கையால் எடுப்பார், நிதானமாகப் போடுவார். 2009, 2018, 2022 என்று இலங்கை ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். "அவ பந்தைப் பிடிச்ச உடனேயே எதிரணிப் பிள்ளைகள் திரும்பி நடுக்கோட்டுக்கு நடக்கத் தொடங்கிடுவாங்க. போடுறதைப் பார்க்கவே மாட்டாங்க" என்றார் அக்கா. அவரும் காட்டினார், ஒரு கையை நீட்டி. சேர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதற்குள் வலைக்காரர் ஸ்காபரோவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துவிட்டார். அங்கே காலை நேரம், தம்பி வேலைக்குப் போகிற காரில். 2001இல் ஹக்கீம் ரொறன்ரோ ரப்டர்ஸ் அணிக்கு வந்தார், கடைசிப் பருவம் அங்கேதான். எங்கள் கூட்டத்தில் அவரை நேரில் பார்த்தது இந்தத் தம்பி ஒருவர்தான். என்ன கண்டாய் என்று கேட்டேன்.

"ஆளைக் கண்டன் அண்ணை. ஆட்டத்தைக் காணேல்லை." முதுகு வலி, சராசரி ஏழு புள்ளி. பாதி நேரம் வாங்கில் இருந்தார். "ஒரே ஒருக்கா பந்து கிடைச்சு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவர். தோள் சாய்ஞ்சது. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரக் கிழவன் எழும்பிட்டான், நானும் எழும்பிட்டன். பந்து உள்ள போகேல்லை. ஆனா ரெண்டு பேரும் இருக்கேல்லை, அப்பிடியே நிண்டு கைதட்டினம்."

அந்த டிக்கெட்டை இன்னும் வைத்திருப்பதாகவும், ஆவணியில் ஊருக்கு வரும்போது கொண்டு வருவதாகவும் சொன்னார். சேர் போனைப் பறித்தார்.

"டிக்கெட் எங்களுக்கு எதுக்கடா? இங்க இருக்கிற கசெட்டெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. உன்ர வீட்டு நிலவறையில மூலப் பிரதி இருக்கோ பார். இருந்தால் கலர்ல மாத்திக் கொண்டு வா. கிண்ணியாக்காரனுக்குப் பதில் சொல்ல வேணும்."